ரெண்டு சுழி அன்னி

பாண்டுரங்கனுக்குப் பாதி சொன்னால் போதும், மீதியை அவரே முடித்துக்கொள்வார். பதினான்கு வருடமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இன்ஜின் சத்தத்தில் யாரும் எதையும் முழுதாகச் சொல்லி அவர் கேட்டது கிடையாது. பின்னாலிருந்து "அண்ணே, டேங்க்" என்று குரல் வந்தால் தண்ணீர் டேங்க் ஓரமாகவே நிறுத்திவிடுவார். கேட்டவன் டேங்க் தாண்டி அரை கிலோமீட்டரில் இறங்க வேண்டியவனாக இருப்பான். அதற்காக அவர் யாரிடமும் "இன்னா சொன்னே?" என்று திருப்பிக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஐம்பத்தாறு வயதில் இதையெல்லாம் மாற்றிக்கொள் என்றால் நடக்கிற காரியமா?

சொந்த ஊர் எச்சூர். அப்பா வைத்திருந்த ஒன்றரை ஏக்கர் தொழிற்பேட்டைக்குப் போனது. போனதில் அவருக்குப் பெரிய துக்கம் எதுவும் இல்லை, நாற்றுமுடியைத் தூக்கினாலே முதுகு பிடித்துக்கொள்கிற உடம்பு. டிராக்டர் ஓட்டினார், தண்ணீர் லாரி ஓட்டினார், கடைசியில் ஒரகடத்தில் காருக்கு சீட் செய்கிற ஒரு கொரியாக்காரர் கம்பெனிக்கு ஒப்பந்த பஸ். அதே கம்பெனியில் மகள் சசிகலா டிப்ளமோ முடித்துவிட்டு குவாலிட்டியில் சேர்ந்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அவள் ஊர் ரூட் பஸ்ஸில் போய்வருவாள். இவருக்கு சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல் ரூட்.

புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் போன் வந்தது. சசிகலா குளித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த அவள் செல்போன் விடாமல் அடித்தது. திரையில் 'சுகி கடை' என்றிருந்தது. எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்ல இடம் கொடுக்காமல் ஒரு பெண் குரல் கொட்டித் தீர்த்தது.

"அண்ணி, நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா கடைக்கு வந்துருங்க. அண்ணன் எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் மேற்கொண்டு செய்வேங்கான். வீட்ல மூச்சு விட்டுராதீய, புரட்டாசி முடியட்டும்."

பாண்டுரங்கன் தொண்டையைச் செருமியதுதான் தாமதம், லைன் கட்.

அண்ணி. அண்ணன். சரி என்று ஒரு வார்த்தை. புரட்டாசி முடியட்டும். புரட்டாசியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பது பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தலை சுற்றியது. சசிகலா ஈரத் தலையோடு வெளியே வந்து "யாருப்பா போன்ல?" என்றபோது "எவளோ கூப்ட்டா, கட்டாயிட்ச்சி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மனைவி சுந்தராம்பாளிடம் மூச்சு விடவில்லை. அவள் வாலாஜாபாத்தில் ஒரு வரன் பார்த்துவைத்திருக்கிறாள். விஷயம் காதில் விழுந்தால் ஓட்டைப் பிரித்துவிடுவாள்.

ராத்திரி முழுக்கப் புரண்டார். பெண் ஒருத்தனை விரும்புகிறாள் என்பதைவிட, எங்கோ யாரோ ஒருத்தி அவளை அண்ணி என்று கூப்பிடுகிற அளவுக்கு விஷயம் முற்றியும் பெற்ற அப்பனுக்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்பதுதான் அறுத்தது. ஊருக்கே தெரிந்த பிறகு கடைசியில் தெரிந்துகொள்கிற ஆளா நான்?

மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. நெற்றியில் நாமம், வயிற்றில் விரதம். முதல் ஷிஃப்ட் ஆட்களை சுங்குவார்சத்திரத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸிலேயே காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பையன் எப்படி என்று பார்க்கப் போகும்போது காக்கியில் போவது மரியாதையாக இருக்காது. ட்ரிப் ஷீட் ஃபைலை மட்டும் கைப்பழக்கத்தில் அக்குளில் இடுக்கிக்கொண்டார். சசிகலா வருகிற பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

கடையைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. ஊர் ரூட் பஸ்ஸும் நிற்கிற ஸ்டாப் அது, சுகி கடை எது என்று டீக்கடையில் கேட்டதும் பக்கத்தில் கை காட்டினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே லாட்ஜுக்கும் டீக்கடைக்கும் நடுவில் ரோஸ் கலர் போர்டு. 'நெல்லை சியோல் ஹாட் டாக்'. ஓரத்தில் நாக்கை நீட்டியபடி ஒரு நாய்க்குட்டிப் படம். எட்டு மாதமாக அதைக் கடந்துதான் போகிறார். நாய்க்கு ஊசி போடுகிற இடம் என்று நினைத்திருந்தார்.

உள்ளே நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், சுவர் முழுக்கப் பெண்பிள்ளைகள் மாதிரி வழவழவென்று இருந்த பையன்களின் படங்கள். கல்லாவில் ஒரு சின்னப் பெண். வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, போனில் பேசிய அதே குரல்.

"வாங்க சார். சாஸேஜா, சீஸா, ஹாஃப் அண்ட் ஹாஃபா? மேல பொட்டேட்டோவா, நூடுல்ஸா? சுகர் போடவா, வேண்டாமா?"

பாண்டுரங்கனுக்கு இதில் எது கேள்வி, எது பதில் என்றே பிடிபடவில்லை.

"சைவமா எதுனா ஒண்ணு குடும்மா."

"அப்ப ஃபுல் சீஸ். மைனி, எண்ண காஞ்சிட்டா?" என்று அவள் உள்பக்கம் பார்த்துக் கத்தினாள்.

உள்ளே அடுப்படியில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. மைனி என்பது அவள் பெயர்போல. அஸ்ஸாம் பக்கத்துப் பெண்ணாக இருக்கும், இப்போது எல்லா ஓட்டலிலும் அவர்கள்தானே என்று பாண்டுரங்கன் முடித்துக்கொண்டார். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், குறுந்தாடி, இடுப்பில் கறுப்புத் துணி கட்டி, குச்சியில் குத்திய எதையோ மாவில் முக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தான். அண்ணன்காரன் இவன்தான். மூக்கும் முழியும் லட்சணமாகத்தான் இருக்கிறான் என்பதை வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்.

பண்டம் வந்தது. குச்சியில் குத்திய வாழைக்காய் பஜ்ஜி மாதிரி இருந்தது, உடம்பெல்லாம் உருளைக்கிழங்குத் துண்டு. அதன் மேல் சர்க்கரை. சர்க்கரையின் மேல் தக்காளி சாஸ். இனிப்பா காரமா என்று தெரியாத பண்டத்தை அவர் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. பயந்துகொண்டே கடித்தார். கடித்ததை வாயில் வைத்துக்கொண்டு குச்சியை இழுத்தால் சீஸ் நூல் கூடவே வந்தது. கையை நீட்டினார், நூலும் நீண்டது. கை முழுக்க நீண்ட பிறகும் அது அறுகிறதாக இல்லை.

"குச்சியச் சுத்துங்க சார், சுத்துங்க!" என்றாள் சின்னப் பெண்.

சுற்றினார். மீசையில் ஒட்டிக்கொண்டது. மருமகனாக வரப்போகிறவன் முன்னால் இப்படியா ஒருத்தன் மானம் போக வேண்டும்?

இசக்கிபாண்டி, அதுதான் அவன் பெயர், அடுப்பை விட்டு வெளியே வந்தான். அவன் பார்த்தது வேறு. வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம், அக்குளில் ஃபைல். வந்ததிலிருந்து மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார், அடுப்படியை எட்டி எட்டிப் பார்க்கிறார். போன வாரம்தான் உணவுத்துறை ஆபீசர்கள் ரோட்டில் கடை கடையாக செக்கிங் வந்தார்கள். அவன் முகம் வெளிறிப்போய்க் கைகட்டி நின்றான்.

பயப்படுகிறான், தப்பு செய்தவன் பயப்படத்தானே வேண்டும் என்று பாண்டுரங்கன் நினைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளா நடந்துக்கினு கீது இது?"

"எட்டு மாசம் ஆச்சு சார்."

"எட்டு மாசமா! சொல்ல வேண்டியவங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல?"

"மொதல்ல தெரியாம ஆரம்பிச்சிட்டோம் சார். தப்புதான். அப்புறம் நாலு பேரு சொன்னாவன்னு முறைப்படி ரிஜிஸ்டர் பண்ணியாச்சு."

பாண்டுரங்கனுக்குக் காது அடைத்தது. குச்சியைத் தட்டில் வைத்தார்.

"ரிஜிஸ்டரே பண்ட்டீங்களா?"

"சித்திரையிலேயே பண்ணியாச்சு சார். சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டு உள்ள மாட்டியிருக்கு. எடுத்தாரவா?"

"வேணா!" என்றார். மகளின் கையெழுத்தை இந்தக் கடையின் சுவரில் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. சித்திரை. சித்திரையில் அவளுக்குப் புதுச் சுடிதார் எடுத்துக் கொடுத்தாரே, அதைப் போட்டுக்கொண்டா போய்க் கையெழுத்துப் போட்டாள்?

"இத எப்டி கடைசி வரிக்கும் கொண்டு போவப் போறே? யோசிச்சியா?"

"சத்தியமா நல்லபடியா வச்சிருப்பேன் சார். சுத்தம்னா சுத்தம். கையில கிளவுஸ் போடாம தொடுறதே கிடையாது."

இது பாண்டுரங்கனுக்குப் புரியவில்லை. கிளவுஸ் எதற்கு? தெற்கே அப்படி ஏதாவது வழக்கம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அவனைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். உழைக்கிற கை. வேறு ஜாதி, வேறு ஜில்லா, சொந்தக்காரர்கள் வாயை மூட ஒரு வருடமாவது ஆகும். சட்டையைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்றுதான் வந்திருந்தார். ஆனால் ரிஜிஸ்டரே முடிந்த பிறகு சாத்தி என்ன? இங்கே கத்தினால் சசிகலா வீட்டுக்கு வரமாட்டாள். நேற்றிலிருந்து குழம்பிய குழப்பத்தில் அது ஒன்றுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் வராத வீட்டை நினைத்துப் பார்த்தார். வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

"சரி, ஆனது ஆச்சி," என்றார். "நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. எனக்கு மேல ஒருத்தி கீறா. அவளுக்குத் தெரிஞ்சா ஆடித் தீத்துடுவா. அவள நான் சமாளிச்சிக்கிறேன்."

இசக்கிபாண்டிக்கு உயிர் வந்தது. "ரொம்ப நன்றி சார். மேடத்துக்கிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

மாமியாரை மேடம் என்கிறான். மரியாதை தெரிந்த பையன்தான்.

"ஆனா ஒண்ணு. ஐப்பசி பொறந்ததும் நல்லபடியா ஒரு சாப்பாடு போட்டுடணும். அத வுட்டுக் குடுக்க மாட்டேன்."

"சாப்பாடா?" இசக்கிபாண்டி விழித்தான். "எத்தன பேருக்கு சார்?"

"கொறஞ்சது முந்நூறு."

அடுப்படியிலிருந்து ஜல்லிக்கரண்டியோடு அந்த அஸ்ஸாம் பெண் வெளியே வந்தாள். வந்து சுத்தமான தமிழில் வெடித்தாள்.

"முந்நூறு பேருக்கா? என்னங்க அநியாயம் இது! எந்த ஆபீசுல முந்நூறு பேரு இருக்காவ?"

"ஆபீஸா? சொந்தக்காரங்கம்மா. எங்க பக்கமே எரநூறு தேறும்."

"ஒங்க சொந்தக்காரவியளுக்கு நாங்க எதுக்குச் சோறு போடணும்?"

"தோ பாரு, பெரியவங்க பேசிக்கினு இருக்கோம். நீ யாரு நடுவுல?"

"நானா? நான் இவுக பொஞ்சாதி. பூமாரி."

பாண்டுரங்கன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. ஃபைல் ஒரு பக்கம், ட்ரிப் ஷீட்கள் ஒரு பக்கம் பறந்தன.

"அடப்பாவி! பொண்டாட்டிய அடுப்படியில வச்சிக்கினு எம் பொண்ண ரெண்டாந்தாரமா ரிஜிஸ்டர் பண்ணியாடா?"

"எந்தப் பொண்ணு சார்?" என்றான் இசக்கிபாண்டி, நிஜமாகவே அழுகிற குரலில். பூமாரியின் ஜல்லிக்கரண்டி அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"சசிகலாடா! எச்சூர் சசிகலா!"

"சசிகலா தங்கச்சியா? அப்ப நீங்க ஆபீசர் இல்லியா?"

"டிரைவர்டா நானு!"

சரியாக அந்த நேரத்தில்தான் சசிகலா கம்பெனி பையோடு உள்ளே நுழைந்தாள். கவிழ்ந்த ஸ்டூல், தரையில் ட்ரிப் ஷீட், அப்பாவின் மீசையில் சீஸ். "ப்பா? நீ இன்னாப்பா இங்க?"

கல்லாவில் இருந்த சுகப்பிரியா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்களே கேளுங்க அண்ணி, ஒங்க அப்பா என்னல்லாமோ சொல்லுதாவ!"

"கேட்டியா? கேட்டியா?" பாண்டுரங்கன் சுவரைப் பார்த்து நியாயம் கேட்டார். "எம் முன்னாடியே அண்ணின்றா!"

சசிகலா ஒரு நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பேச்சே வரவில்லை.

"ப்பா... அது மூணு சுழி அண்ணி இல்லப்பா. ரெண்டு சுழி."

"இன்னா சுழி?"

"அன்னி. கொரியாக்காரங்க பாஷ. அங்க பொம்பளப் புள்ளைங்க அக்காவ அப்டித்தான் கூப்புடுவாங்க. இவ சீரியல் பாத்துப் பாத்து என்னையும் அன்னி அன்னின்னு கூப்ட்டுக்கினு கீறா."

"எங்க ஊர்ல அண்ணன் பொஞ்சாதிய அண்ணின்னு யாரு சொல்லுவா?" என்றாள் சுகப்பிரியா, கொஞ்சம் கோபமாகவே. "மைனிம்போம். அந்தா நிக்காவல்லா, எங்க மைனி."

பாண்டுரங்கன் பூமாரியைப் பார்த்தார். அப்போது மைனி என்பது பெயரும் இல்லை, அவள் அஸ்ஸாமும் இல்லை. சரி, ரிஜிஸ்டர்? இசக்கிபாண்டி உள்ளே ஓடி ஃப்ரேமைக் கழற்றிக்கொண்டு வந்தான். சாப்பாட்டுக் கடை நடத்தப் பதிவு செய்த சான்றிதழ். அதில் அவன் போட்டோ மட்டும் தனியாக முறைத்துக்கொண்டிருந்தது. கிளவுஸ் எதற்கென்று இப்போது விளங்கியது.

"சரின்னு ஒரு வார்த்த சொன்னாத்தான்னு போன்ல சொன்னாளே?"

"சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டித் தூள் போட்டு ஒண்ணு புதுசா செஞ்சிருக்கேன்," என்றான் இசக்கிபாண்டி. "கம்பெனியில கொரியாக்காரவுகளோட உக்காந்து சாப்பிடுத ஆளு தங்கச்சி. அது சரின்னு சொன்னாத்தான் போர்டுல எழுதலாம்னு இருந்தேன்."

"புரட்டாசி முடியட்டும்னாளே?"

பூமாரி கோழிப் படம் போட்ட சாஸேஜ் பாக்கெட்டை ஜல்லிக்கரண்டியால் ஓரம் தள்ளினாள். சசிகலா தரையைப் பார்த்தாள். சாஸேஜ் என்றால் கோழிக்கறி என்பது மெதுவாக அவருக்கு உறைத்தது. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து கோவிந்தா போட்டுவிட்டு, இங்கே வந்து தினமும் கறியா?

ஒவ்வொன்றாக அவிழ அவிழ, பாண்டுரங்கனுக்குத் தெளிவதற்குப் பதில் இன்னும் குழம்பியது. கொஞ்சம் முன்னால் கல்யாணமான மகள் இப்போது கல்யாணமாகாதவள். சந்தோஷப்பட வேண்டும். பட்டார்தான். ஆனாலும் படாதபாடு பட்டு ஒத்துக்கொண்ட ஒன்று கைநழுவிப் போனதுபோலவும் இருந்தது. கவிழ்ந்த ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தார். பூமாரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான்கூட இன்னைக்குக் கடையப் பூட்டிருவாவன்னு நெனச்சேன்," என்று இசக்கிபாண்டி சிரித்தான். "ஆனா தங்கச்சி, ஒங்க அப்பா பெரிய மனுசன். ஒரு சத்தம் போடல. ஆனது ஆச்சு, ஒங்க அம்மாவ அவுகளே சமாளிச்சிக்கிடுதேன்னுட்டாவ. முந்நூறு பேருக்குச் சாப்பாடு வரைக்கும் பேசி முடிச்சாச்சு."

சசிகலாவின் சிரிப்பு நின்றது.

"நெஜமாவாப்பா? ரிஜிஸ்டர் பண்ட்டேன்னு நெனச்சியா? நெனச்சும் திட்டலியா?"

"கத்தி இன்னா ஆவப் போவுது?" பாண்டுரங்கன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பாட்டுக்குக் கத்திட்டு, நீ வூட்டுக்கு வராம பூட்டா நான் இன்னா பண்றது?"

சசிகலா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். மேஜையில் கிடந்த காகிதத்தை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ப்பா. அது இவரு இல்லப்பா."

"அதான் தெரிஞ்சிபோச்சே. அவன் பொண்டாட்டியே நிக்கிறா."

அவள் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். சுகப்பிரியா கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். பூமாரி புருஷனை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இவர்கள் எல்லோரும் ஏன் விலகிப் போகிறார்கள் என்று பாண்டுரங்கன் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் அந்த 'இவரு' என்ற சொல் அவருக்குள் மெல்ல இறங்கியது. இவர் இல்லை என்றால்?

"நம்பிராஜன்னு பேரு," என்றாள் சசிகலா. "நம்ம கம்பெனியில மெயின்டனன்ஸ். ரெண்டு வருசமா உன் பஸ்லதான் வந்துக்கினு போயிக்கினு கீறாரு."

பாண்டுரங்கன் கண்ணை மூடி பஸ்ஸின் உள்கண்ணாடியை நினைத்துப் பார்த்தார். ஐம்பத்திரண்டு சீட். ஐம்பத்திரண்டு சாம்பல் கலர் யூனிஃபார்ம். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து தூங்குகிற தலைகள். இதில் எவன்?

"மீச வச்சவனா?"

"எல்லாருந்தான் மீச வச்சிக்கினு கீறாங்கப்பா."

கோபம் வரவேண்டிய இடம் இது. வரச்சொல்லித் தேடியும் பார்த்தார். ஆனால் மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டு இப்போதுதான் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆள் மாறிவிட்டது என்று எப்படிப் பின்வாங்குவது?

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்குமே தெரியாது. இவங்க கிட்டகூட நான் ஒண்ணும் சொன்னதில்ல. உங்கிட்டதான் மொதமொதல்ல சொல்றேன்."

மொதமொதல்ல. அந்த ஒரு வார்த்தையில் நேற்று ராத்திரி முழுக்க நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது சட்டென்று இளகிப்போனது. அவர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. அந்தப் பையன வூட்டாண்ட வரச் சொல்லு."

"புரட்டாசியாச்சேப்பா?"

"பொண்ணு கேக்கத்தான் கூடாது. சும்மா வந்துட்டுப் போறதுக்கு இன்னா? எவன்னு நான் பாக்க வாணாமா?"

சசிகலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். ஒத்துக்கொண்ட பிறகு எதற்கு அழுகிறாள் என்று பாண்டுரங்கனுக்குப் புரியவில்லை. தனக்கும் ஏன் கண் கலங்குகிறது என்பதும் புரியவில்லை.